‘கிளேடு’ என்பதற்குக் ‘கிளை’ போதுமா? என் கருத்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உயிரியலில் ஒரே மூதாதை வழிவந்த உயிர்களின் குழுவைக் ‘கிளேடு’ (clade) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சு நம் குழுவில் இரண்டு நாளாக நடக்கிறது. ஒருவர் ‘குலம்’ என்கிறார், ஒருவர் ‘கொடிவழி’ என்கிறார், இன்னொருவர் ஒலிபெயர்த்தே எழுதிவிடலாம் என்கிறார். நான் ‘கிளை’ பக்கம். சொல்லுக்கு முன்னால் பொருளைப் பேசிவிடுகிறேன்.

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரமும் சுறாவும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். நமக்கு இரண்டுமே மீன். ஆனால் வஞ்சிரத்துக்கு நெருங்கிய உறவு சுறா அல்ல, அதை வாங்கக் கூடையோடு நிற்கும் நாம்தான்! எலும்பு மீன்களின் மூதாதையிலிருந்து ஒரு பக்கம் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் வந்தன. மறு பக்கம் தவளை, பல்லி, பறவை, நாம் வந்தோம். சுறாவின் வழி அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. ஆக, ‘மீன்’ என்பது சந்தைக்கும் சமையலுக்கும் நல்ல சொல். பிறப்பு வழியில் பார்த்தால் அது முழுமையான குழு அல்ல.

மாணவர்களை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பேன்: முதலைக்கு நெருங்கிய உறவு ஓணானா, கொக்கா? எல்லாரும் ஓணான் என்றுதான் சொல்வார்கள். சரியான விடை கொக்கு. முதலையின் இதயத்துக்குப் பறவையைப் போல நான்கு அறைகள், ஓணானுக்கு மூன்றுதான். முதலை கூடு கட்டும், பொரித்த குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோகும். பாடநூலில் ‘ஊர்வன’ என்று ஒரு வகுப்பு, ‘பறப்பன’ என்று வேறொரு வகுப்பு. அந்தப் பிரிப்பை நம்பிப் படித்த பிள்ளைக்கு இது அதிர்ச்சிதான். அந்த அதிர்ச்சியைத் தாங்கி நிற்கிற சொல்தான் நமக்கு வேண்டும்.

கிளேடு என்றால் ஒரு மூதாதையும் அதன் வழிவந்த எல்லா உயிர்களும். ஒன்றைக்கூட விடக்கூடாது. உயிர்களின் உறவை ஒரு மரமாக வரைந்து, அதில் ஒரே ஓர் இடத்தில் வெட்டினால் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவும் ஒரு கிளேடு. பறவைகளை விட்டுவிட்டு ஊர்வனவை மட்டும் எடுக்க ஒரு வெட்டு போதாது. விழுந்த கிளையிலிருந்து பறவைக் கொப்பை மறுபடி நறுக்க வேண்டும். வகுப்பில் இப்படிச் சொன்னால் உடனே புரிகிறது. சொல்லில் மரம் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்த இதுவே முதல் காரணம். மூலக் கிரேக்கச் சொல்லுக்கும் கிளை என்றுதான் பொருள்.

‘குலம்’ வேண்டாம் என்பதற்குச் சாதி வாடை மட்டும் காரணம் அல்ல. உயிர்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1735இல் தொடங்கி வைத்தது பெட்டிக்குள் பெட்டி: வகுப்பு, வரிசை, பேரினம், சிற்றினம். குடும்பமும் தொகுதியும் பின்னால் சேர்ந்தன. கிளேடுக்கு இந்தப் படிநிலை கிடையாது. பூக்கும் தாவரம் முழுவதும் ஒரு கிளேடு. அதற்குள் நான்கே சிற்றினம் கொண்ட ஒரு சிறு கூட்டமும் ஒரு கிளேடு. பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக் 1950இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில், பிறப்பு வழியால் வகைப்படுத்தும் இந்த முறையை வகுத்தபோது வலியுறுத்தியது உறவைத்தான், பதவியை அல்ல. ‘குலம்’ என்று வைத்தால் அது குடும்பத்துக்கு மேலா கீழா என்று மாணவர் கேட்பார்.

இலங்கை நண்பர் ஒருவர், அங்கே பேரினத்துக்குச் ‘சாதி’, வரிசைக்கு ‘வருணம்’ என்று வழங்குவதை நினைவூட்டினார். அது அவர்கள் பல பத்தாண்டுகளாகப் படித்த சொல், குறை சொல்ல மாட்டேன். சென்னை வகுப்பறையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ‘கிளை’ என்றால் இரு பக்கமும் ஏற்கலாம்.

அப்புறம், தமிழில் கிளை என்றால் மரக்கொம்பு மட்டும் அல்ல, சுற்றமும்தான்; கிளைஞர் என்றால் உறவினர். கொம்பும் உறவும் ஒரே சொல்லில் இருப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு! தெற்கே சில சமூகங்களில் மண உறவு பார்க்கக் கிளை கேட்பார்கள் என்பதும் தெரியும். அந்த வழக்கிலும் அது வம்சத் தொடர்ச்சியைத்தான் குறிக்கிறது, பொருள் மாறவில்லை.

தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்ததை எடுத்துக்காட்டியவருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பகுப்பு புலன்களைப் பற்றியது, பிறப்பு வழியைப் பற்றியது அல்ல. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் அது பிரிக்கிறதே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லோடு சேர்ந்துவிடுகின்றன. இன்றைய ஒருவித்திலைத் தாவரக் கிளையிலும் அவை ஒன்றாகவே இருக்கின்றன.

வங்கிக் கிளையோடு குழம்பும் என்ற ஐயம் நியாயமானது. முதல் முறை ‘உயிர்க்கிளை’ என்று எழுதி, பிறகு ‘கிளை’ என்று விட்டுவிடலாம். வழித்தோன்றல் யாரும் விடுபடாத குழு முழுக்கிளை. ஊர்வனபோல ஒரு கொப்பை நறுக்கிவிட்ட குழு குறைக்கிளை. பறவையையும் பாலூட்டியையும் வெப்ப இரத்தத்தால் ஒன்றாகக் கட்டினால், அது வேறு வேறு கொம்பில் பறித்துத் தொடுத்தது. அதைக் கதம்பக்குழு எனலாம்.

இவற்றில் ‘குறைக்கிளை’தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஊனம் என்ற தொனி வருகிறதோ என்று. ‘விடுகிளை’ என்றும் யோசித்தேன், அது விட்டுப்போன பறவைகளையே குறிப்பதுபோல் இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் வியாழனுக்குள் எழுதுங்கள், ஊர்வன பாடக் குறிப்பை அன்றுதான் முடிக்கிறேன்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர், திருவான்மியூர்