அம்மாள் வருத்தம் என்று எண்ணி இழந்த இரண்டு நாட்கள்

மல்லாவியிலிருந்து:

முகநரம்பு வலிக்காகப் பெரியம்மா காபமசெப்பின் குளிசை போடத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் அவருக்குக் காய்ச்சலும் கண்ணெரிவும் வந்து, மறுநாள் முகத்திலும் நெஞ்சிலும் செம்புள்ளிகள் எழும்பியபோது, நாங்கள் அதை அம்மாள் வருத்தம், அதாவது கொப்புளிப்பான், என்றே எண்ணி, வாசலில் வேப்பிலை செருகி, இளநீர் பருக்கி, இரண்டு நாட்களை இழந்துவிட்டோம். குளிசையை மட்டும் தவறாமல் கொடுத்தோம். இருபது நாட்களாக ஒத்துக்கொண்ட மருந்து இனி எப்படி ஒவ்வாமற் போகும் என்று நினைத்தோம். ஆனால் பெரியம்மாவுக்கு வந்தது மருந்து ஒவ்வாமை என்பதையும், அதன் இந்தக் கடுமையான வகை பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 முதல் 28 நாட்களுக்குள்தான் வருகிறது என்பதையும் பின்னரே அறிந்தோம்.

வேறுபாட்டைக் கண்டவர் அயல்வீட்டுத் தாதி அக்கா. கொப்புளிப்பானில் நீர்த்துளி போன்ற கொப்புளங்கள் அரிக்கும்; பெரியம்மாவுக்கோ தொட்டாலே தோல் நொந்தது, புள்ளிகளின் நடுப்பகுதி கருஞ்சிவப்பாக இருந்தது, உதடும் வாயின் உட்புறமும் புண்ணாகி எச்சில் விழுங்கவும் முடியவில்லை. "தம்பி, பெரியம்மா புதிதாக என்ன குளிசை போடுகிறா?" என்று கேட்டு, அதை உடனே நிறுத்தச் சொல்லி, 1990 அம்புலன்ஸை அழைத்தவரும் அவரே. தோலையும் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும் இந்த மருந்து ஒவ்வாமைக்கு உரிய ஸ்டீவன்ஸ் ஜோன்சன் என்ற பெயரை மருத்துவமனையில்தான் முதன்முதலாகக் கேட்டோம். பெரியம்மா பிழைத்துக்கொண்டார், கண்கள் வறண்டுபோனதால் இன்றும் சொட்டு மருந்து விடுகிறார். இதே ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய வலிப்பு மருந்துகளான பெனிற்றோயின், பெனோபாபிற்றோன் ஆகியவற்றையும் இனிக் கொடுக்கக்கூடாது என்று அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதியுள்ளார்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

தம்பி, பெரியம்மா மீண்டுவந்தது பெரிய ஆறுதல். எங்கள் அப்பாவுக்கு வந்தது மருந்து ஒவ்வாமையின் உயிராபத்தில்லாத வகை. இடது தொடையில் ஒரே இடத்தில் ஊதாநிற வட்டம் எரிவுடன் தோன்றி, ஆறிய பின் கருந்தழும்பாக நிற்கும். நாற்று நடும் காலத்திலேயே அது வந்ததால் வயற்சேற்றின் மீது பழிபோட்டோம். வயலில் இறங்காத கோடையில், பல்வலிக்கு மெபெனமிக் அமிலக் குளிசை போட்ட அன்றிரவே அதே வட்டம் சிவந்தபோதுதான், நடவுக்காலத்தில் இடுப்பு வலிக்கு விழுங்கியதும் அதே குளிசை என்பது நினைவுக்கு வந்தது. மருந்துக்கடைக்குப் போகும்போது அப்பா கிளினிக் கொப்பியை எடுத்துச்செல்வதில்லை. ஆகவே அக்குளிசையின் பெயரைத் துண்டில் எழுதி அவருடைய அடையாள அட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன்.