அம்மாவை வேறு இல்லத்துக்கு மாற்றலாமா?

அம்மாவுக்கு 78 வயது, அல்சைமர். இரண்டு வருடமாகக் கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் தாம்பரத்தில். இங்கே பக்கத்திலேயே, மறதிநோய்க்கென்று தனிப் பிரிவு உள்ள இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இப்போதைய இடத்தில் ராத்திரிக்கு ஒரே ஆயாதான். போன மாதம் அம்மா விழுந்ததை விடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் என் பெயரையே மறந்தவர், பகல் ஆயாவை ‘அக்கா’ என்று கூப்பிடுகிறார். அவர் ஊட்டினால்தான் சாப்பாடு இறங்குகிறது. இடம் மாறினால் கொஞ்ச நாள் குழப்பம் கூடும் என்கிறார் டாக்டர். இப்போதே சாயங்காலமானால் பையை மடியில் வைத்துக்கொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்று உட்கார்ந்துவிடுகிறார்.

இப்படி மாற்றியவர்கள் சொல்லுங்கள்: பழக எத்தனை நாள் ஆனது? முதல் வாரம் உங்களையும் கூடவே தங்க விட்டார்களா? அப்புறம், ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பகலில் போய்ப் பார்த்தால் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கிறது.