93-ஆ, 124-ஆ? சட்டிமேளத்தை ஹவுஸோடு ஒட்டுவது எப்படி?

காசிமேட்டு மிக்ஸ்:
போன மாதம் எங்கள் தெருவில் அம்மன் ஊர்வலம். சட்டிமேளத்தை மொட்டைமாடியிலிருந்து ஏழு நிமிடம் பதிவு செய்தேன். நடுவில் ஒரு மீன்வண்டியின் ஹாரன்கூட விழுந்திருக்கிறது. வர ஞாயிறு ராயபுரத்தில் மாமா பையன் ரிசப்ஷன், அங்கே 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 பீட்) ஓடும் ஹவுஸ், அதாவது கிளப் டான்ஸ் ட்ராக் மேல் இதை ஏற்ற ஆசை. மென்பொருள் மேளத்துக்கு 93 என்று காட்டுகிறது. இரண்டின் வேகத்தையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனை அழுத்தினால் மேளம் நாய் துரத்தின மாதிரி ஓடுகிறது. ஹவுஸை 93-க்கு இறக்கினால் மாப்பிள்ளையே தூங்கிவிடுவான். என்ன செய்வது?

டேப் அண்ணன்:
தம்பி, எனக்கு டிஜே வேலை தெரியாது, டேப் மேளம் அடிப்பவன். அந்த அடி மூணு மூணாகப் போகும்: தகிட, தகிட. ஊர்வலத்தில் ஆடுகிறவன் கால் எங்கே விழுகிறது என்று பார், அதுதான் பீட். உன் மெஷின் அதைத் தகதிமி என்று நாலு நாலாக எண்ணியிருக்கும்.

வியாசை வூஃபர்:
அண்ணன் சொன்னதுதான் சரி. 124 தகிட என்றால் நிமிடத்துக்கு 372 சின்ன அடி. அதையே நாலால் வகுத்தால் 93. இரண்டும் ஒரே வேகம்தான் ப்ரோ! சிங்க்கை அணைத்துவிட்டு, கால் விழும் அடியில் மென்பொருளின் டேப் (tap) பட்டனைத் தட்டி, பீட்டைக் காட்டும் கோடுகளை (கிரிட்) புதிதாகப் போடு. அப்புறம் ஹவுஸில் ஹை-யை (கீச்சுச் சத்தத்தை) குறை, ஏனென்றால் அதன் ஹை-ஹாட் தாளத்தட்டு நாலு நாலாக ஓடி தகிடவோடு மோதும். கிக் (அந்த ‘டம் டம்’ அடி) மட்டும் இருக்கட்டும், மேளத்தின் லோ-வை (கனத்த சத்தத்தை) வெட்டு.

காசிமேட்டு மிக்ஸ்:
முதல் நிமிடம் பசை போட்ட மாதிரி ஒட்டியது. அப்புறம் நழுவுகிறது. நாலாவது நிமிடத்தில் தட்டிப் பார்த்தேன், 131!

டேப் அண்ணன்:
கோயில் முனை வந்திருக்கும். அங்கே யார் மெதுவாக அடிப்பார்கள்?

வியாசை வூஃபர்:
மென்பொருளில் இழுத்துச் சுருக்கி (வார்ப்) மேளத்தின் வேகத்தை நேராக்கலாம், ஆனால் நான் செய்ய மாட்டேன். அந்த ஓட்டம் போனால் அது வெறும் லூப். மேளம் தன் போக்கில் போகட்டும், ஹவுஸின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரைக் கையால் ஏற்றிக்கொண்டே பின்னால் போ. 124-லிருந்து 131 ஆறு சதவீதம்கூட இல்லை, ஃபேடரில் ±8 சதவீத ரேஞ்ச் போதும். மாஸ்டர் டெம்போ போட்டால் குரல் கீச்சாகாது. ஒரு காதில் ஹெட்போன், நழுவினால் ஜாக் வீலை (டிஜே மெஷினின் சக்கரத்தை) லேசாகத் தள்ளு.

காசிமேட்டு மிக்ஸ்:
நேற்று ராத்திரி ஐந்தாவது தடவையில் கடைசிவரை பிடித்துவிட்டேன். ஹாரனை வெட்டச் சொல்லி அம்மா ஒரே நச்சரிப்பு. அது சரியாகக் கிக் மேலேயே விழுகிறது. விட்டுவிட்டேன்.