ஃபைபர் அறுந்தா ரெண்டாவது லைனுக்கு மாற மாட்டேங்குது: மைக்ரோடிக் டிஃபால்ட் ரூட் சந்தேகம்

கேள்வி (திருப்பூர்)

வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஆபீஸ். மைக்ரோடிக் ஹெக்ஸ் ரூட்டர், அதுல ஓடற சாஃப்ட்வேர் ரூட்டர்ஓஎஸ் 7. ஈதர்1 போர்ட்ல ஒரு ஃபைபர் லைன், ஈதர்2-ல இன்னொண்ணு. ரெண்டு ஓஎன்டியும் (ஃபைபர் வந்து சேர்ற பெட்டி) 192.168.1.1. ரெண்டு போர்ட்லயும் டிஹெச்சிபி கிளையண்ட் (தானா ஐபி வாங்கறது), டிஃபால்ட் ரூட் (நெட்டுக்குப் போற வழி) டிஸ்டன்ஸ் 1, 2; சின்ன நம்பருக்குத்தான் முன்னுரிமை.

ஈதர்1 கேபிளைப் புடுங்கினா ரெண்டாவது லைன் எடுத்துக்குது. ஆனா ரோட்டுல ஃபைபர் அறுந்து, ஓஎன்டி-ல எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை) லைட் சிவப்பா மின்னறப்ப மாறவே மாட்டேங்குது. லோடு ஏத்தின லாரி வாசல்ல நிக்குது, இ-வே பில் எடுக்க முடியல. எங்கீங்க பார்க்கிறது?

பதில் 1 (ஈரோடு)

ரூட்டர் மேல தப்பு இல்லீங்க. டிஃபால்ட் ரூட்டுக்குத் தெரியறது கேட்வே (அடுத்த பெட்டி, இங்க ஓஎன்டி) வரைக்கும்தான், அதுக்கு அந்தப் பக்கம் நெட் இருக்குதா இல்லையான்னு அது பார்க்காது. ஃபைபர் அவிநாசி ரோட்டுல அறுந்தாலும் மேஜை மேல இருக்கிற ஓஎன்டி-க்குக் கரண்ட் இருக்குது, ஈதர்1 லிங்க் இறங்கல. அதனால டிஸ்டன்ஸ் 1 ரூட் ஆக்டிவாவே நிக்கும். இதே கேட்வேக்கு செக் கேட்வே பிங் (பதில் வருதான்னு கேட்டுப் பார்க்கறது) போட்டும் பிரயோஜனம் இல்லை, 192.168.1.1 எப்பவும் பதில் சொல்லிட்டே இருக்கும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணைச் சரிபண்ணோணும். ரெண்டு பக்கமும் 192.168.1.1 இருக்கக் கூடாதுங்க. எந்த போர்ட்ல இருக்கிற 192.168.1.1-னு ரூட்டருக்குக் குழப்பம். ரெண்டாவது ஓஎன்டி-யோட லேன் ஐபியை 192.168.2.1-னு மாத்துங்க. டிஹெச்சிபி பூலும் 192.168.2 வரிசைக்கு மாறியிருக்கான்னு பாருங்க. அப்பறம் ஈதர்2 டிஹெச்சிபி கிளையண்ட்ல ரிலீஸ் குடுத்து ஒருக்கா புது ஐபி வாங்க வையுங்க. ஆபீஸ் லேன் இந்த ரெண்டு வரிசைலயும் வரக்கூடாது. மைக்ரோடிக்கோட வழக்கமான 192.168.88 வரிசைன்னா அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது ரிகர்சிவ் ரூட்: ஓஎன்டி-க்குப் பதிலா நெட்ல தூரத்துல இருக்கிற ஒரு ஐபியைக் கேட்வேயாக் குடுத்து, அது பதில் சொல்லுதான்னு பார்க்கறது. கொஞ்ச நேரம் நெட் போகும், அதனால வின்பாக்ஸ் (மைக்ரோடிக் செட்டிங் மாத்தற புரோகிராம்) வெச்சு ஆபீஸ் உள்ள இருந்தே மேக் அட்ரஸ்ல நுழைஞ்சு பண்ணுங்க. ரெண்டு டிஹெச்சிபி கிளையண்ட்லயும் ஆட் டிஃபால்ட் ரூட்டை "நோ" ஆக்கிட்டு, ஐபி, ரூட்ஸ் போய் நாலு ரூட் போடுங்க:

8.8.8.8/32, கேட்வே 192.168.1.1, ஸ்கோப் 10
1.1.1.1/32, கேட்வே 192.168.2.1, ஸ்கோப் 10
0.0.0.0/0, கேட்வே 8.8.8.8, டிஸ்டன்ஸ் 1, டார்கெட் ஸ்கோப் 11, செக் கேட்வே பிங்
0.0.0.0/0, கேட்வே 1.1.1.1, டிஸ்டன்ஸ் 2, டார்கெட் ஸ்கோப் 11, செக் கேட்வே பிங்

எந்த ரூட்டை வெச்சுக் கேட்வேயைத் தேடலாம்னு சொல்ற டார்கெட் ஸ்கோப் 11-ஐ மறந்தா ஏழாம் வெர்ஷன்ல டிஃபால்ட் ரூட் ஆக்டிவே ஆகாது. பழைய 6-க்கு எழுதின குறிப்பைப் பார்த்துப் போடறவங்க இங்கதான் மாட்டிக்குவாங்க. பிங் 10 செகண்டுக்கு ஒருக்கா போகும், ரெண்டு தடவை பதில் வரலீன்னா ரூட் இறங்கிரும். ஆக மாறறதுக்கு 20 செகண்ட் போல ஆகும்.

பதில் 2 (கோபி)

ஈரோட்டு அண்ணா சொன்னது சரிங்க, ஒண்ணு மட்டும் மாத்தோணும். 8.8.8.8-ஐ முதல் லைனோட கட்டிப்போட்டா, அந்த லைன் செத்தப்பவும் 8.8.8.8-க்குப் போற பாக்கெட் எல்லாம் அங்கயேதான் போகும். கம்ப்யூட்டர்ல டிஎன்எஸ் (வெப்சைட் பேருக்கு ஐபி தேடித் தர்றது) 8.8.8.8-னு இருந்தா ரூட் மாறியும் ஒரு வெப்சைட்டும் திறக்காது, "மாறலை"ன்னே நினைச்சுக்குவீங்க. செக் பண்றதுக்கு 8.8.4.4-யும் 1.0.0.1-யும் வெச்சுட்டு, டிஎன்எஸ்-க்கு 8.8.8.8, 1.1.1.1 விட்டிருங்க.

ஃபயர்வால் நேட்ல மாஸ்க்வரேட் ரூலையும் (ஆபீஸ் ஐபியை லைனோட ஐபியா மாத்தி வெளிய அனுப்பறது) பாருங்க. அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்1-னு மட்டும் இருந்தா ரெண்டாவது லைன்ல ஒண்ணும் வெளிய போகாது. அவுட் இன்டர்ஃபேஸ் லிஸ்ட் வேன் (WAN)-னு வெச்சு, அந்த லிஸ்ட்ல ஈதர்2-வையும் சேருங்க.

சோதிக்கறப்ப லேன் கேபிளைப் புடுங்காதீங்க, அது வேற கேஸ். ஓஎன்டி பின்னாடி இருக்கிற பச்சைத் தலை ஃபைபரைக் கழட்டுங்க. வெள்ளை முனையில விரல் படக்கூடாது, உள்ள கண்ணை வெச்சும் பார்க்காதீங்க. உடனே மூடி போட்டு வையுங்க, தூசி ஒட்டுனா மறுக்கா செருகறப்ப சிக்னல் குறைஞ்சுரும்.

கேட்டவர்

நாலு ரூட்டும் 8.8.4.4, 1.0.0.1 வெச்சுப் போட்டேனுங்க. ஃபைபரைக் கழட்டினதும் முதல் டிஃபால்ட் ரூட்ல ஆக்டிவ் எழுத்து போயிருச்சு, ரெண்டாவதுல வந்துச்சு. இ-வே பில் சைட் திறக்குது. ஐபி ஃபோன் மட்டும் ரிஜிஸ்டர் ஆகாம நிக்குதுங்ணா.

பதில் 1 (ஈரோடு)

அது பழைய கனெக்ஷன் டிராக்கிங்குங்க (ரூட்டர் வெச்சிருக்கிற கனெக்ஷன் பதிவு). முதல் லைனோட ஐபி-ல நேட் ஆன பதிவு அப்படியே இருக்குது. ஃபோன் விடாம பாக்கெட் அனுப்பறதால அந்த யூடிபி பதிவு காலாவதியே ஆகாது. பாக்கெட் ரெண்டாவது லைன்ல போனாலும் பழைய சோர்ஸ் ஐபி-யோட போகும், அதுக்குப் பதில் வராது. ஃபயர்வால், கனெக்ஷன்ஸ் போய் ஃபோன் ஐபி-யை ஃபில்டர் பண்ணி அந்த வரிகளை அழிச்சிருங்க, அடுத்த ரிஜிஸ்டர்ல புடிச்சுக்கும். முதல் லைன் திரும்பி வர்றப்பவும் இதே கதைதான், அப்பவும் அழிக்கோணும். அந்த நேரத்துல வெளிய தெரியற ஐபி மாறறதால பேங்க் சைட் லாக் அவுட் ஆகலாம், மறுக்கா உள்ள போய்க்கலாம்.