ரத்த அழுத்தம் தொடங்குவது செல் சவ்விலா, சிறுநீரகத்திலா?

செவ்வணு:
போன வாரம் இங்கே ஒருவர், "பிபி என்றால் உப்பு, உப்பு என்றால் சிறுநீரகம், அவ்வளவுதான் கதை" என்று எழுதியிருந்தார். மருந்தியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

அழுத்தம் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். சிறுதமனிகளின் சுவரில் இருக்கும் மென்தசை இறுகும்போது ஏறுகிறது. குழாயின் ஆரம் 10 சதவீதம் சுருங்கினாலே ரத்த ஓட்டத்துக்கான தடை 50 சதவீதம் கூடிவிடும். அந்தத் தசையை இறுக்குவது கால்சியம். செல்லுக்குள் இருப்பதைவிட வெளியே சுமார் பத்தாயிரம் மடங்கு கால்சியம் இருக்கிறது. ஏரி நிறையத் தண்ணீர் நிற்க, கரை தாங்கிக்கொண்டிருப்பதுபோல சவ்வு அதைத் தாங்குகிறது. கொஞ்சம் உள்ளே வந்தாலும் கால்மோடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு மயோசினை முடுக்கிவிடும்.

1977இல் மோர்டகாய் பிளாஸ்டீன் ஒரு கருத்தை வைத்தார். சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறும்போது, சோடியம் பம்பைத் தடுக்கும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. பம்ப் மந்தமானால் தசைச் செல்லுக்குள் சோடியம் சேரும். 3 சோடியத்தை உள்ளே விட்டு 1 கால்சியத்தை வெளியே தள்ளும் பரிமாற்றி ஒன்று சவ்வில் இருக்கிறது. உள்ளே ஏற்கெனவே சோடியம் சேர்ந்திருந்தால் அதற்கு வேகம் வராது, கால்சியம் உள்ளேயே தங்கிவிடும். மாஸ்கோவில் யூரி போஸ்ட்னோவ் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த நோயாளிகளின் செல் சவ்விலேயே பரவலான ஒரு குறை இருக்கிறது என்றார். 1980இல் ஹார்வர்டில் மிட்சி கனேசாவின் குழு, ரத்த அழுத்தக்காரர்களின் சிவப்பணுவில் சோடியம்-லித்தியம் பரிமாற்றம் (சவ்வு வழியே சோடியம் கடப்பதை லித்தியத்தை வைத்து அளக்கும் ஆய்வகச் சோதனை) வேகமாக நடப்பதைக் காட்டியது. நோய் சவ்வில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நெஃப்ரான்:
சார், அந்த வரியை எழுதியவன் நான்தான். டயாலிசிஸ் வார்டில் வேலை செய்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சிவப்பணு. அதை ஆராய்ந்ததற்குக் காரணம், ஊசி போட்டால் எளிதாகக் கிடைக்கும் என்பதுதான். அது சுருங்காது, அதில் உட்கரு இல்லை, நீங்கள் சொன்ன சோடியம்-கால்சியம் பரிமாற்றி மனிதச் சிவப்பணுவில் வேலையே செய்வதில்லை. தமனித் தசையைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைப் பார்ப்பது, அடுத்த தெருவில் விசாரித்துவிட்டு இந்த வீட்டைப் பற்றி முடிவு கட்டுவதுபோல. லித்தியம் பரிமாற்ற அளவிலும் நோயாளிகளையும் மற்றவர்களையும் பிரிக்க முடியாதபடி இரண்டும் பெருமளவு கலந்தே கிடந்தன. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடினாலும் அது கூடும் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது, எனக்கு முக்கியமானது. லூயிஸ் டால் உப்பு கொடுத்தால் பிபி ஏறும் எலிகளையும் ஏறாத எலிகளையும் தனித்தனியாக வளர்த்து, 1970களில் அவற்றின் சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தினார். சிறுநீரகம் போன இடத்துக்கு அழுத்தமும் போனது. 1983இல் மனிதரிலும் பார்த்தார்கள். பிபியால் சிறுநீரகம் கெட்டுப்போன ஆறு பேருக்கு, பிபி இல்லாதவர்களின் சிறுநீரகத்தை வைத்தபோது அழுத்தம் இயல்புக்கு வந்துவிட்டது. அவர்களுடைய தமனிகள் பழைய தமனிகள், சவ்வும் பழைய சவ்வு. உடம்பு முழுக்கச் சவ்வில் குறை என்றால் இது எப்படி நடக்கும்?

செவ்வணு:
டால் எலிகள் வலுவான ஆதாரம், மறுக்கவில்லை. ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதையும் சொல்ல வேண்டும். சிவப்பணுவைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். எல்லாச் செல்லிலும் குறை என்ற போஸ்ட்னோவின் அகலமான கூற்றை நான் கைவிடுகிறேன்.

ஆனால் தமனித் தசையை விட மாட்டேன். உள்ளே சோடியம் மிகும்போது அந்தச் சோடியம்-கால்சியம் பரிமாற்றி திசை மாறி, கால்சியத்தை உள்ளேயே விடவும் செய்யும். 2004இல் ஜப்பானில் இவாமோட்டோ குழு, அந்தப் பரிமாற்றி மென்தசையில் மட்டும் கூடுதலாக இருக்கும் எலிகளை உருவாக்கியது. சிறுநீரகக் குழல்களைத் தொடவே இல்லை. உப்பு ஏற்றியபோது அந்த எலிகளின் அழுத்தம் மற்ற எலிகளைவிடக் கூடுதலாக ஏறியது, பரிமாற்றியைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் இறங்கியது. 2009இல் பல்லாயிரம் பேரின் மரபணுக்களை அலசியபோது பிபியோடு சேர்ந்து வந்தவற்றில் ஏடிபி2பி1 ஒன்று. அது செல்லிலிருந்து கால்சியத்தை வெளியே இறைக்கும் சவ்வுப் பம்பின் மரபணு. அந்தப் பம்பை எலியின் மென்தசையில் மட்டும் நீக்கினால் அழுத்தம் ஏறுகிறது. இது வெறும் தொடர்பு இல்லை, காரணம்.

இன்னொன்று. நீங்கள் லிடில் நோயைச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். சிறுவயதிலேயே பிபி ஏறும் அந்தப் பரம்பரை நோய் சிறுநீரக நோய்தான். ஆனால் அங்கே கெட்டிருப்பது எது? சிறுநீரகக் குழல் செல்லின் சவ்வில் இருக்கும் சோடியம் கால்வாய். சிறுநீரகம் என்று நீங்கள் சொல்வதும் கடைசியில் சவ்வுதான்.

நெஃப்ரான்:
அது உண்மை, அழகான வாதம். லிடில் நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட நோயாளிப் பெண்ணுக்குப் பின்னாளில் சிறுநீரகம் மாற்றியதும் அழுத்தம் சரியானது. ரிச்சர்ட் லிஃப்டன் குழு ஒற்றை மரபணுவால் பிபி ஏறும், இறங்கும் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடியபோது, கிட்டத்தட்ட எல்லாம் வந்து நின்ற இடம் சிறுநீரகம் உப்பைக் கையாளும் வழிதான். சோடியம், கால்சியம் போன்ற அயனிகளைச் சவ்வு கடத்துவதுதான் பிபியின் அடிப்படை என்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன். என் சண்டை எந்தச் சவ்வு என்பதில்தான்.

உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் சொன்ன கணக்கு எளிமையானது. தமனி இறுகி அழுத்தம் ஏறினால், நல்ல சிறுநீரகம் கூடுதலாக உப்பையும் நீரையும் வெளியேற்றி அதைக் கீழே கொண்டுவந்துவிடும். நாள்கணக்கில், வருடக்கணக்கில் அழுத்தம் மேலேயே நிற்க வேண்டுமானால் சிறுநீரகம் ஒத்துழைக்க வேண்டும். பிளாஸ்டீனின் கருத்திலும் முதல் தப்பு சிறுநீரகத்தில்தானே?

செவ்வணு:
கைட்டன் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் 2005இல், தமனியை இறுக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சினின் ஏற்பி இல்லாத எலிகளுக்கும் இருக்கும் எலிகளுக்கும் சிறுநீரகத்தை மாற்றி வைத்தார்கள். இயல்பான அழுத்தத்தில் சிறுநீரகத்தின் ஏற்பிக்கும் வெளியே உள்ளவற்றுக்கும் ஏறக்குறையச் சம பங்கு இருந்தது.

நெஃப்ரான்:
அதே குழுவின் 2006 முடிவையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். ஆஞ்சியோடென்சினைத் தொடர்ந்து செலுத்தி உயர் அழுத்தத்தை உண்டாக்கியபோது, சிறுநீரகத்தில் ஏற்பி இல்லாத எலிகளுக்கு நிலையான உயர் அழுத்தம் வரவில்லை. இயல்பான அழுத்தம் வேறு, நோய் வேறு.

பிளாஸ்டீன் சொன்ன ஹார்மோனும் என்னை உறுத்துகிறது. அது உடம்பிலேயே சுரக்கும் வாபைன் (தாவர நஞ்சாக அறியப்பட்ட பொருள்) என்று 1991இல் ஹாம்லின் குழு சொன்னது. பிறகு தேடிய சில ஆய்வகங்களுக்கு அது கிடைக்கவில்லை. அதை எதிர்க்கும் ரோஸ்டாஃபுராக்சின் மருந்தும் ஒரு பெரிய மனித ஆய்வில் அழுத்தத்தைக் குறைக்கவில்லை.

தேன்மொழி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 68 வயது. பிபிக்கு ஆம்லோடிபின் எடுக்கிறார். "கால்சியத்தைத் தடுக்கும் மருந்து" என்று யாரோ சொன்னதிலிருந்து எலும்புக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டார், பால்கூடக் குடிப்பதில்லை. கால் வேறு வீங்குகிறது. நீங்கள் பேசுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

செவ்வணு:
பயப்படாதீர்கள் அம்மா. ஆம்லோடிபின் ரத்தத்தில் உள்ள கால்சியத்தைக் குறைப்பதில்லை. தமனித் தசையின் சவ்வில் உள்ள ஒரு வகைக் கால்சியம் கால்வாயை மட்டும் மந்தமாக்குகிறது. பால் குடித்தால் செல்லுக்குள் கால்சியம் போய்விடும் என்பதில்லை, ரத்தத்தின் அளவை உடம்பு கறாராகக் காக்கிறது. கால் வீக்கம் இந்த மருந்தில் அடிக்கடி வருவதுதான். தமனி விரிகிறது, சிரை அந்த அளவுக்கு விரிவதில்லை, அதனால் நீர் திசுவுக்குள் கசிகிறது. ஆனாலும் வீக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

நெஃப்ரான்:
நானும் அதையேதான் சொல்வேன். கசிவால் வரும் வீக்கம் என்பதால் நீர் பிரியும் மாத்திரைக்கு அது சரியாக மசியாது. டோஸை மாற்றலாமா, வேறு மருந்து சேர்க்கலாமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தயசைடு வகை நீர் பிரியும் மாத்திரை சேர்ந்திருந்தால், அது சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கும். அதோடு கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் கூடலாம்.

சார், உங்களுக்குச் சொல்ல ஒன்று விட்டுப்போனது. இவாமோட்டோ எலிகளைப் பற்றி நேற்று இரவு திரும்ப யோசித்தேன். தசையில் பரிமாற்றி கூடினால் உப்புக்கு அழுத்தம் கூடுதலாக ஏறுகிறது, அதைத் தடுத்தால் இறங்குகிறது என்றால், சிறுநீரகம் தேக்கிய உப்பு அழுத்தமாக மாறும் வழியில் தமனிச் சவ்வு கட்டாயம் நிற்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். தொடக்கம் அங்கே என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

செவ்வணு:
ஏடிபி2பி1ஐ மென்தசையில் மட்டும் நீக்கிய எலியில் தொடக்கம் அங்கேதானே? அதன் சிறுநீரகம் ஏன் அழுத்தத்தைக் கீழே கொண்டுவரவில்லை?

நெஃப்ரான்:
சிறுநீரகத்துக்குள் போகும் தமனியிலும் அதே மென்தசைதான் இருக்கிறது. அது இறுகினால் சிறுநீரகத்தின் கணக்கும் மாறிவிடும். அந்த எலியின் சிறுநீரகத்தை நல்ல எலிக்கு மாற்றிப் பார்த்தால்தான் நம் இருவருக்கும் பதில்.

தேன்மொழி:
அப்பாவின் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஆம்லோடிபினோடு இன்னொரு மாத்திரையில் குளோர்தாலிடோன் என்று இருக்கிறது. அதுவும் தயசைடு மாதிரிதானா?

நெஃப்ரான்:
ஆமாம், அந்த வகைதான். கால்சியம் மாத்திரையை மறுபடி தொடங்குவதற்கு முன்னால் ரத்தத்தில் கால்சியமும் பொட்டாசியமும் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பாலை இன்றைக்கே கொடுக்கலாம்.