சுடோக்கு ஜியோகேஷ்: இரண்டு ஆப், இரண்டு விடை. அவசரம்

கோண்டாவில் பெடியன்:
வணக்கம். நல்லூர்ப் பக்கம் ஒரு மர்ம ஜியோகேஷ் இருக்கிறது, அதாவது ஜிபிஎஸ் பார்த்துத் தேடி எடுத்து உள்ளே பேர் எழுதுகிற, ஒளித்து வைத்த டப்பி. சுடோக்கு போட்டுத்தான் இடம் எடுக்கவேணும். கையால் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிற்கிறது. ஆப்பில் போட்டால் ஒரு விடை வருகிறது, வேறு ஆப்பில் வேறு விடை. இரண்டையும் மப்பில் அடித்தால் பூநகரிக்கு அந்தப் பக்கம் கடலைக் காட்டுகிறது. கனடாவில் இருந்து வந்த மச்சான் திங்கட்கிழமை திரும்பிப் போகிறான், அதுக்குள்ள எடுக்கவேணும். தெரிந்த ஆட்கள் கெதியாச் சொல்லுங்கோ.

மழைக்கிளி:
படம் போடுங்கோ. எத்தனை எண் தந்திருக்கிறார்கள்? எந்தக் கட்டங்களை எடுக்கச் சொல்லியிருக்கிறது? மப்பில் எப்படி அடித்தீர்கள்? இதெல்லாம் சொல்லாமல் யார் என்னத்தைச் சொல்வது?

பனங்கிழங்கு:
இது போன் ஜிபிஎஸ் பிழை. மரத்துக்குக் கீழே நின்றால் என்ர போனும் விலகித்தான் காட்டும். வெளியில் வந்து திசைகாட்டியைச் சரிசெய்துவிட்டுப் பாருங்கோ.

தீவான்:
பனங்கிழங்கு, அவர் இன்னும் வீட்டை விட்டே வெளிக்கிடவில்லை, இதில் ஜிபிஎஸ் எங்கே வந்தது? மர்ம கேஷ் என்றால் அதன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் புள்ளியில் இருந்து உண்மையான இடம் ஏறக்குறைய 3 கிலோமீற்றருக்குள் இருக்கவேணும், அது விதி. ஆகவே நல்லூரில் தொடங்கிப் பூநகரிக்கு அப்பால் கடலில் முடியாது. எண்ணை அடித்த முறைதான் பிழை, நான் எழுதித் தருகிறேன்.

கோண்டாவில் பெடியன்:
படம் ஏறுதில்லை. 15 எண் தந்திருக்கு. மற்றபடி வழக்கமான சுடோக்குதான். வடக்கு 09° 40.அஆஇ, கிழக்கு 080° 01.ஈஉஊ. ஆறு எழுத்தும் ஆறு கட்டத்தில் இருக்கு. அந்த ஆறு இலக்கத்தின்ர கூட்டுத்தொகை 27 என்றும் எழுதியிருக்கு. எனக்கு ஒரு ஆப்பில் 31, மற்றதில் 22.

கணக்கர்:
தம்பி, கூட்டுத்தொகை தந்திருக்கிறது என்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கவேண்டும். அடிப்படை தெரியாமல் புதிர் கேஷில் இறங்கினால் இப்படித்தான். 17க்குக் குறைவான எண் தந்த சாதாரண 9×9 சுடோக்குக்கு ஒரேயொரு விடை இருக்க முடியாது. டப்ளினில் கரி மக்குவயர் குழு கணினியில் அலசி 2012இல் வெளியிட்டார்கள். ஒன்றில் நீர் எண்ணியது பிழை, இல்லாவிட்டால் புதிர் பிழை. புதிர் வைத்தவருக்கு எழுதும்.

மழைக்கிளி:
கணினி அலசியதை நிறுவல் என்று சொல்வீர்களா? மனிதன் ஒருவராலும் வரிவரியாக வாசித்துச் சரிபார்க்க முடியாத ஒன்று.

கணக்கர்:
ஒன்றையொன்று திருப்பிப் போட்டு வருபவற்றைக் கழித்தால் முழுதாக நிரப்பிய சுடோக்குகள் 5,472,730,538தான் உண்டு. அத்தனையிலும் 16 எண் புதிர் தேடி, ஒன்றும் இல்லை என்றார்கள். இதற்கு மேல் என்ன வேணும்? எந்த வரைபடத்தையும் அயல் நாடுகள் ஒரே நிறம் ஆகாமல் நான்கு நிறத்தால் தீட்டலாம் என்ற நான்கு நிறத் தேற்றத்தையும் 1976இல் கணினி கொண்டுதான் நிறுவினார்கள். படித்துவிட்டு வந்து கதையுங்கள்.

மழைக்கிளி:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். நிரலில் ஒரு பிழை இருந்தால்?

வடமராட்சியாள்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. கணக்கர் சொன்ன 17, சாதாரண சுடோக்குக்கு மட்டும்தான். கூடுதல் விதி இருந்தால் 15 எண்ணே போதும். இரண்டு ஆப்பும் வேறு வேறு விடை தருகிறது என்றால், ஆப்புக்குத் தெரியாத ஒரு விதி கட்டத்தில் இருக்கிறது. பெடியன், கட்டத்தில் கோடு, நிறம், புள்ளி ஏதும் இருக்கா?

கோண்டாவில் பெடியன்:
ஓம், மூலைக்கு மூலை சாம்பல் நிறம் அடித்திருக்கு, பெருக்கல் அடையாளம் மாதிரி. அதுவும் தேவையா?

வடமராட்சியாள்:
அதுதான் தம்பி முக்கியம். இரண்டு மூலைவிட்டங்களிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வரவேணும். நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள்?

கோண்டாவில் பெடியன்:
நட்டநடுக் கட்டம். 3 அல்லது 8. இடது மேல் மூலையில் 8 தந்திருக்கு.

வடமராட்சியாள்:
நடுக் கட்டம் இரண்டு மூலைவிட்டத்திலும் இருக்கிறது. மூலையில் உள்ள 8 அதே மூலைவிட்டத்தில், ஆகவே நடுவில் 8 வராது, 3 தான். அதை எழுதினால் மற்ற மூலைவிட்டத்திலும் 3 அடைபடும். அங்கிருந்து அவிழும், ஊகித்துப் போடத் தேவையில்லை. விடையை மட்டும் இங்கே போடாதேங்கோ, மற்ற ஆட்களும் தேடவேணும்.

தீவான்:
இப்ப மப். அது பாகையும் தசம நிமிடமும். 09° 40.500 என்றால் 9.40500 இல்லை, 40.5ஐ 60ஆல் வகுத்து 9.675. அப்படியே 9.405 என்று அடித்தால் 30 கிலோமீற்றர் தெற்கே போகும், உங்கட கடல் அங்கிருந்துதான் வருகிறது. மப்பில் 9 40.500, 80 1.500 என்று இடைவெளி விட்டு அடித்தால் அதுவே விளங்கிக்கொள்ளும். வடக்கில் அ ஒன்று பிழைத்தால் 185 மீற்றர் தள்ளும், இ ஒன்று பிழைத்தால் 2 மீற்றர்கூட இல்லை, அதனால் முதல் இலக்கத்தை இரண்டுதரம் பாருங்கோ.

பனங்கிழங்கு:
அலவாங்கு ஒன்றும் கொண்டு போங்கோ, சில பேர் தாட்டு வைப்பார்கள்.

வடமராட்சியாள்:
வேண்டாம்! காணிக்காரரின் அனுமதி இல்லாமல் கேஷைத் தாட்டு வைக்கக் கூடாது, அது விதி. எங்கட மண்ணில் தெரியாத இடத்தில் கிண்டுவதும் பற்றைக்குள் கிடக்கும் இரும்பைத் தூக்குவதும் உயிர் விஷயம். டப்பி கையெட்டும் இடத்தில் இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கோ. கோயிலில் சனம் கூடுகிற நேரம் மதிலைத் தடவிக்கொண்டு நிற்கவும் வேண்டாம், காலமை வெள்ளனப் போங்கோ.

கணக்கர்:
கூடுதல் விதி உண்டு என்று முதலே சொல்லியிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். நிரல் பிழை பற்றிக் கேட்டவருக்கு: அதே முடிவை வேறொரு குழுவும் தனியாக ஓட்டிச் சரிபார்த்திருக்கிறது.

கோண்டாவில் பெடியன்:
27 வந்தது. டப்பி எடுத்தாச்சு, மச்சான் பேர் எழுதினான். எல்லாருக்கும் நன்றி.

மழைக்கிளி:
சந்தோசம். மிச்சத்தைக் கையால் தீர்த்தீர்களா, இல்லை மூலைவிட்ட விதி போடக்கூடிய ஆப் ஏதும் கிடைத்ததா? பெயரைச் சொல்லுங்கோ, நானும் அந்தக் கேஷில்தான் நிற்கிறேன்.