மழை இருட்டினாலே புத்தகங்களைப் பரணில் ஏற்றும் மகளிடம் என்ன சொல்வது?

கேள்வி – ஏரல் வாசகி:
2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது என் மகள் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இரவுகளை மொட்டைமாடியில் கழித்தோம். இப்போது பத்தாம் வகுப்பு. வானம் கறுத்தால் போதும், பாடப்புத்தகங்களைப் பாலித்தீன் பையில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுகிறாள். வெள்ளையடித்த பிறகும் சுவரில் தெரியும் நீர்க்கறையை அடிக்கடி விரலால் தடவிப் பார்க்கிறாள். "நான் பெரியவளாகும்போது இந்த ஊர் இருக்குமா அம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, படிக்கிற வேலையைப் பார்" என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் பேசுவதே இல்லை. நான் எங்கே தவறினேன்?

பதில் – மனநல ஆலோசகர்:
அருகிலிருக்கும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள்களை நேரில் கண்ட பிள்ளையிடம் "ஒன்றும் ஆகாது" என்றால், தான் கண்டதையே அம்மா நம்பவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும். இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடந்து, 2021இல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் காலநிலை மாற்றத்தை எண்ணி மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். ஆகவே அந்தக் கவலையையே நோயாகக் கருத வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, மழை நாளில் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை அழையுங்கள்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

பதில் – வேதாரண்யம் ஆசிரியர்:
2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு, வகுப்பில் காற்று என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வெளிறும் பிள்ளைகள் இருந்தார்கள். பெரிய தென்னைகள் விழுந்த இடத்தில் பனைகள் நின்றதைக் கவனித்துச் சொன்னவர்களும் அவர்கள்தான். அந்த ஆண்டே பனங்கொட்டை பொறுக்கி வந்து குளக்கரையில் ஊன்றினோம். ஒரு பனை வளர்ந்து பயன் தரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஊர் இருக்கும் என்று நம்பாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதை நான் அவர்களிடம் எடுத்துச் சொல்லவில்லை, ஊன்றும்போது அவர்களே பேசிக்கொண்டார்கள். அம்மா, உங்கள் மகள் பை கட்டுவதைத் தடுக்காதீர்கள். அது அச்சம் மட்டுமன்று, முன்னேற்பாடும்தான்.

பதில் – முடிச்சூர் கல்லூரி மாணவி:
மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்றது. "எனக்கும் அன்றைக்குப் பயமாகத்தான் இருந்தது" என்று அப்பா சொன்ன இரவில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏரல் வாசகி:
நேற்று அவளுடன் உட்கார்ந்து குடும்ப அட்டையையும் சான்றிதழ்களையும் ஒரே பையில் கட்டினேன், எனக்கும் பயம் உண்டு என்பதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, அடுத்த முறை பக்கத்து வீட்டு ஆச்சியை மாடிக்கு யார் தூக்கிச் செல்வது என்று கேட்டாள்.